பதினோரு இழுப்பு

தியோகாஸுக்கு முகம் மட்டும்தான் வேலை. மற்றதையெல்லாம் வேறு ஆட்கள் செய்வார்கள். ஆசியாவிலிருந்து கப்பலில் வரும் பளிங்குச் சவப்பெட்டியைக் கூருளிக்காரன் குத்திக் குத்தி உருவத்தை வெளியே எடுப்பான். பல்லுளிக்காரன் பின்னாலேயே வந்து அந்தக் குழிகளைச் சீப்பு வாரியதுபோலக் கோடுகளாக்குவான். பிறகு தட்டையுளி, அரம், மணல், நுரைக்கல். பூமாலை, சிங்கத்தலை, அங்கி மடிப்பு எல்லாம் முடிந்து பெட்டி பளபளவென்று நிற்கும். நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் கழுத்து இருக்கும், தலைமுடி இருக்கும், தோள் இருக்கும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி ஒரு முண்டு. கூருளிக் குத்தோடு அப்படியே விட்டுவைப்போம். யார் வாங்கப் போகிறார் என்று தெரியாமல் யார் முகத்தை வைப்பது?

ரோமாபுரியின் துறைமுகமான ஒஸ்தியாவில் அப்போது எங்கள் பட்டறைதான் பெரியது. முதலாளி விபியஸ். ஆற்றங்கரையை ஒட்டிய கொட்டகையில் எந்த நாளும் பதினைந்து இருபது பெட்டிகள் வரிசையாக நிற்கும். அத்தனையும் முகம் இல்லாதவை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் அந்த வரிசைக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள். பழகிவிடும்.

நான் பெஸ்து. தியோகாஸுக்கு எதிரே உட்கார்ந்து பதினேழு வருஷம் வார் இழுத்தவன். துளைக்கோல் என்பது தயிர் கடையும் மத்து மாதிரிதான். கோலின் நுனியில் இரும்பு. அதன் இடுப்பில் தோல் வார் சுற்றியிருக்கும். கோலை நிமிர்த்திக் கல்லில் அழுத்திப் பிடிப்பவன் செதுக்குகிறவன். வாரின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி இழுப்பவன் என்னைப் போன்றவன். இழுக்க இழுக்கக் கோல் சுழன்று கல் துளைபடும். முடிச்சுருள், காது, உதட்டின் ஓரம் எல்லாம் இப்படித்தான். கடைசியாகக் கண்.

கண்ணுக்குப் பதினோரு இழுப்பு. தியோகாஸின் கணக்கு அது. "பத்து இழுத்தா பொம்மை, பன்னெண்டு இழுத்தா பேய்" என்பான். முகம் முழுக்க மெருகேறி முடிந்த பிறகுதான் கண்மணியைத் துளைப்பான். இரண்டு கண்ணும் ஆனதும் வாயால் ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, பக்கவாட்டில் நழுவி எழுந்து, ஒரு துணியை எடுத்து முகத்தின்மேல் போடுவான். துளைத்த முகத்துக்கு முன்னால் அவன் நின்று நான் பார்த்ததில்லை.

எங்களிடம் பெட்டி வாங்குகிற பாதிப்பேர் உயிரோடிருப்பவர்கள். வாங்கி, கல்லறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். செத்த பிறகு முகத்தில் சாந்தை அப்பி அச்செடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். தியோகாஸ் அந்த அச்சை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவிக்கொண்டே அரைநாள் உட்கார்ந்திருப்பான். அப்புறம்தான் உளி. உயிரோடிருக்கிற ஆளின் முகத்தைச் சவப்பெட்டியில் தொடமாட்டான்.

ஒரு தானிய வியாபாரி, நல்ல கனத்த ஆள், தன் பெட்டியைப் பார்க்க வந்தவர் முண்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, என் மூஞ்சிய எப்ப வைக்கப்போற?"

"நீங்க அசையாம இருக்கணும் ஐயா."

"இப்பவே அசையாம உக்காரட்டுமா?"

"மூச்சும் விடக்கூடாது."

கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார். போகும்போது தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏன் அந்தக் கட்டுப்பாடு என்று நான் ஒருநாள் கேட்டேன். "எங்க ஊர்ல ஒருத்தன் செஞ்சான்" என்றான். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் நோண்டவில்லை.

அவன் பல்லுளிக்கு ஐந்து பல். மூன்றாவது பல்லின் நுனி எப்போதோ உடைந்துபோனது. புதிதாக அடித்துத் தருகிறேன் என்று கொல்லன் சொல்லியும் மாற்றவில்லை. அதனால் அவன் கை பட்ட கல்லில் நாலு கோடு அழுத்தமாகவும் நடுக்கோடு மங்கலாகவும் விழும். கன்னத்திலும் நெற்றியிலும் நுரைக்கல் அதை அழித்துவிடும். தாடைக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், மெருகு போடாமல் விட்டுவிடுவான். விரலை விட்டுத் தடவினாலே தியோகாஸ் செய்தது என்று நான் சொல்லிவிடுவேன்.

அவன் மனைவி மெலித்தே வெளுப்புச் சாலையில் தொட்டிக்குள் நின்று துணி மிதிக்கிறவள். சின்ன உருவம், பெரிய வாய். நாலு வயதில் கிணற்று விளிம்பில் விழுந்து தாடையில் வெட்டுத் தழும்பு. மத்தியானம் ரொட்டியும் உப்பு மீனும் வேகவைத்த பயறும் கொண்டுவருவாள். அவள் வந்தால் கொட்டகையில் உளிச் சத்தம் நின்றுவிடும்.

"அண்ணே, வாரை இழுத்து இழுத்து உங்க கை ரெண்டும் நீண்டுபோச்சு. அடுத்த தெருவுல இருந்துகிட்டே என் ரொட்டிய எடுத்துருவீங்க போல" என்பாள் என்னிடம்.

"உன் ரொட்டிய எடுக்கிறதுக்கு நான் கல்லையே கடிக்கலாம்மா."

"கடிங்க. பல்லு போனா இவரு வேற பல்லு செதுக்கித் தருவாரு. ஆனா நீங்க செத்திருக்கணும்." பிறகு புருஷனைப் பார்த்து, "இந்த மனுஷன் செத்தவங்களைத்தான் உத்துப் பாப்பாரு. நான் செத்தாத்தான் என் மூஞ்சிய ஒழுங்கா பாப்பாரு" என்பாள்.

தியோகாஸ் மென்றுகொண்டே சிரிப்பான். பேச்சு அவனுக்கு அவ்வளவாக வராது.

காய்ச்சல் வந்த அந்த இலையுதிர் காலத்தில் எல்லாம் மாறியது. கப்பலோடு வந்ததென்றார்கள், காற்றோடு வந்ததென்றார்கள். தெருவுக்கு நாலு வீடு பூட்டிக்கொண்டது. காய்ச்சல்காரர்களுக்குக் கடைசியில் கண் மூடாது. இமை விறைத்து, விழித்தபடியே ஏழெட்டு நாள் கிடந்து போய்விடுவார்கள். பிணத்தின் பக்கத்தில் யாரும் போவதில்லை. சாந்தை அப்பி அச்செடுக்க யார் போவார்?

பெட்டி மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. முகம் வேண்டும் என்று உறவுக்காரர்கள் தூரத்தில் நின்று கத்தினார்கள். விபியஸ் தியோகாஸிடம் வந்தார்.

"ஒரு பொம்பளை முகம் போடுப்பா. இளசா இருந்தாப் போதும்."

"யாருன்னு தெரியாம எனக்குக் கை வராது முதலாளி."

"அழுது வீங்குன கண்ணுக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். நீ கைய விடு, அது பாட்டுக்கு வரும்."

கை அதுபாட்டுக்கு வந்தது. அதுதான் வினை.

ஒரு மாதத்தில் மூன்று பெட்டி. மூன்றும் பெண்கள், மூன்று வேறு வேறு குடும்பம். முதல் முகம் முடிந்தபோது எங்கேயோ பார்த்த சாயல் என்று நினைத்தேன். இரண்டாவதில் கன்னத்து எலும்பைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மூன்றாவதில் தட்டையுளி வழுக்கித் தாடையில் ஒரு வெட்டு விழுந்தது. பதினேழு வருஷத்தில் தியோகாஸின் உளி வழுக்கி நான் பார்த்ததில்லை. அவன் அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போனான், கையை எடுத்துவிட்டான். "இருக்கட்டும்" என்றான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

கண் துளைக்க உட்கார்ந்தோம். அவன் எப்போதும்போல் கோலின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைப் பார்த்தேன். கல்லுக்குள்ளிருந்து மெலித்தே என்னைப் பார்த்தாள், கண்மணி இன்னும் இல்லாமல்.

சொல்லியிருக்கலாம். வாரைக் கீழே போட்டிருக்கலாம். பசி வேளை, பெட்டியை ஏற்ற வண்டி காத்திருந்தது, முதலாளி வாசலில் நின்றார். அதுவும் இல்லை, பயம். சொன்னால் நடந்துவிடும் என்கிற மாதிரி ஒரு பயம். பதினொன்று இழுத்தேன். அடுத்த கண்ணுக்குப் பதினொன்று இழுத்தேன்.

மூன்று பெட்டியும் ஊருக்கு வெளியே சாலையோரம் வீடு மாதிரிக் கட்டிய கல்லறைகளுக்குப் போயின.

பிப்ரவரி பிறந்து ஒரு வாரத்தில் மெலித்தே படுத்தாள். வெளுப்புச் சாலையிலேயே விழுந்தாள், தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவள் கண் மூடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, தானே காய்ச்சலில் பிழைத்தவள் என்பதால் பயமில்லாதவள், கூடவே இருந்தாள். இமையை விரலால் இழுத்து மூடுவாளாம். விட்டால் திறந்துகொள்ளும். மெலித்தே பொம்மைக் கண்போலச் சிமிட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பேச்சு மட்டும் எப்போதாவது வந்தது. "யாரோ மேல பூ வைக்கிறாங்க. எடுக்கச் சொல்லுங்க, கனமா இருக்கு" என்றாளாம்.

ஆறாம் நாள் காலை தியோகாஸ் கொட்டகைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். என் எதிரில் அவன் இடத்தில் உட்கார்ந்தான்.

"பெஸ்து, அந்த மூணு முகம் யாருது?"

நான் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"விடியக்காலைல ஜன்னல் வழியா வெளிச்சம் அவ மூஞ்சில பக்கவாட்டுல விழுந்துச்சு. கல்லுல உளித்தடம் பாக்க விளக்கைப் பக்கத்துல சாய்ச்சுப் புடிப்போமே, அந்த மாதிரி. கன்னம், மூக்கு, தாடை எல்லாம் தெரிஞ்சுச்சு. நான் செஞ்ச வேலை அது. என் கை போன வழி." என் கையிலிருந்த வாரைப் பார்த்தான். "நீ எதிர்ல உக்காந்திருந்த. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"மூணாவதுல."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளை மூணு தடவை பொதைச்சிட்டேன்யா. மூணு தடவை கண்ணைத் தொறந்து வச்சிட்டு வந்திருக்கேன். அந்தக் கண்ணு மூடாம இவ கண்ணு எப்படி மூடும்?"

காய்ச்சல் வந்த எல்லோருக்கும் கண் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கூருளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன செய்யணும்?" என்றேன்.

"பழையபடி முண்டாக்கணும்."

கல்லறையில் கைவைத்து மாட்டினால் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள், உப்போ கந்தகமோ, திரும்பி வருகிற இடமில்லை. ஆனால் ஒன்று. முகமில்லாத பெட்டி ஊரில் எவ்வளவோ கிடந்தது. முண்டாகத் திரும்பிப் போன முகத்தை யாரும் உடைந்தது என்று நினைக்க மாட்டார்கள், செதுக்கவே இல்லை என்றுதான் நினைப்பார்கள். கூருளிக்காரன் குத்தின மாதிரியே குத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அது செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற ஒன்பது நாள். எல்லாக் கல்லறைக் கதவும் திறந்திருக்கும். சாலை முழுக்க ஜனம். நாங்களும் ஒரு கூடை எடுத்துக்கொண்டோம். மேலே திராட்சை ரசத்தில் நனைத்த ரொட்டி, உப்பு, ஊதாப்பூ, மூன்று குடுவை ரசம். அடியில் துணி சுற்றின கூருளி, தட்டையுளி, சுத்தியல், ஒரு பொட்டலம் மணல்.

முதல் கல்லறைக்கு வர ஆளே மிச்சமில்லை. அந்தக் குடும்பமே போய்விட்டது. ஒட்டடை தொங்கியது. நான் விளக்கைப் பிடித்தேன். தியோகாஸ் விரலைத் தாடைக்கு அடியில் விட்டுத் தடவினான். நாலு கோடு அழுத்தம், ஒரு கோடு மங்கல். தலையசைத்தான். பக்கவாட்டில் நின்றபடியே உளியைச் செங்குத்தாகப் பிடித்தான்.

முதலில் மூக்கு போனது. இவ்வளவு லேசாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. வெளியே குழல் ஊதிக்கொண்டு யாரோ போனார்கள், அந்தச் சத்தத்துக்குள் சத்தமாக அவன் தட்டினான். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வெள்ளைச் சிம்பு. கண்கள் இருந்த இடத்தில் துளைகள் இரண்டும் கடைசிவரை நின்றன. முகமே இல்லை, துளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போனது. சிம்புகளை எல்லாம் பொறுக்கித் துணியில் கட்டினோம். அதில் ஒன்று கீழுதட்டின் பாதி. புதுக் குத்துகளின்மேல் தரையிலிருந்த மண்ணை ரசத்தில் குழைத்துத் தேய்த்தான். பழசாகிவிட்டது. நானே நம்பிவிட்டேன்.

இரண்டாவதில் காவல்காரன் ஒருத்தன் படியில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரசக்குடுவையைத் திறந்தேன்.

"உள்ள போனவன் யாரு, சொந்தமா?"

"சின்னம்மா பையன்."

"இந்த அம்மாவுக்கு ஆளே இல்லேன்னாங்களே."

"செத்தப்புறம்தானப்பா சொந்தக்காரன் மொளைப்பான். இந்தா, குடி."

"உள்ள என்ன டொக்கு டொக்குங்குது?"

"நெஞ்சில அடிச்சிட்டு அழுறான்."

"சுவத்துல அடிக்கிற மாதிரி இருக்கே."

"அவன் நெஞ்சு அப்படி."

அவன் குடித்தான். இரண்டாவது குடுவைக்கு அவனே பாட ஆரம்பித்தான். தியோகாஸ் வெளியே வந்தபோது அவன் புருவத்திலெல்லாம் வெள்ளைத் தூள், கிழவன் மாதிரி இருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"மத்தியானத்துக்கு மேல ரெண்டு தடவை சிமிட்டுனா. முதல்ல ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு. அப்புறம் பழையபடிதான்."

தியோகாஸ் என்னைப் பார்த்தான். அதுவரை அவனுக்காகத்தான் நான் கூடப் போனேன். அந்த நிமிஷத்திலிருந்து நானும் நம்பினேன்.

மறுநாள் மூன்றாவது. அந்த வாசலில் கதவுக்கு மாலை கட்டியிருந்தது. உள்ளே ரூஃபினா என்கிற அம்மாள், செத்த பெண்ணின் தாய், முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் இருந்தவள் அவளுடைய ஒரே மகள் பிரிஸ்கா. கல் முகத்துக்கு எண்ணெய் தடவித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் எண்ணெய் மின்னியது. அந்த வெளிச்சத்தில் மெலித்தே வேறு யாருக்கோ மகளாக இருந்தாள்.

"வாங்கப்பா. யாரைப் பாக்க வந்தீங்க?"

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பக்கத்துக் கல்லறைம்மா. இருட்டா இருந்துச்சு, விளக்குக்கு நெருப்பு கேக்கலாம்னு."

"எடுத்துக்கோங்க. உக்காருங்க. இவளுக்கு ஆள் வந்தா பிடிக்கும்." எங்களுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். பிறகு எழுந்து கல்லின் வலது கன்னத்தில் முத்தமிட்டாள், சாதாரணமாக, வேலைக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. தியோகாஸ் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தான்.

"செஞ்சவன் என் பொண்ணைப் பாத்ததே இல்ல" என்றாள் ரூஃபினா. "அச்சு எடுக்க என்னை உள்ளயே விடலை. ஆனா பாருங்க, அப்படியே வச்சிருக்கான். தாடைல தழும்பு கூட."

தியோகாஸ் முதல்முறையாக வாயைத் திறந்தான். "தழும்பு எப்படி வந்துச்சும்மா?"

"கிணத்து விளிம்புல விழுந்தா. நாலு வயசுல."

என் கையிலிருந்த விளக்குச் சாய்ந்து எண்ணெய் சிந்தியது. அவள் கவனிக்கவில்லை. ஒரு பெண் விழுந்தாளோ, இரண்டு பெண் விழுந்தார்களோ, அல்லது கல்லைப் பார்த்துப் பார்த்து அந்தத் தாய்க்கு மகளே மாறிப்போனாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

மண்பானையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சாலைக் குழாய்ல தண்ணி பிடிச்சிட்டு வர்றேன். கூட்டமா இருக்கும், நேரம் ஆகும். இருங்கப்பா, அவ தனியா இருக்கக்கூடாது."

அவள் காலடி மறைந்ததும் தியோகாஸ் கூடையிலிருந்து கூருளியை எடுத்தான். மூக்கின்மேல் வைத்தான். சுத்தியல் உயரே போனது. அங்கேயே நின்றது.

"அடி" என்றேன். "வந்துருவா."

"இதை முண்டாக்கினா அவ எதுக்கு எண்ணெய் தடவுவா?"

"வீட்டுல உன் பொண்டாட்டி கண்ணைத் தொறந்துக்கிட்டுக் கெடக்கிறா."

"தெரியும்யா!" அவன் கத்தினது கல்லறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். துளைத்த முகத்துக்கு முன்னால் அவன் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டு ஆழம் பார்த்தான். "பதினொண்ணு" என்றான் தனக்குள். "அரை நக ஆழம். எறக்கிடலாம். தட்டையுளி குடு."

கல்லில் எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. அதனால் அவன் கண்முழியை முழுக்க, கிட்டத்தட்டத் துளையின் அடிவரை, வழித்து இறக்கினான். மேலிமையைச் சரித்துக் கீழே கொண்டுவந்தான். துளையின் கீழ்வளைவு மட்டும் மிஞ்சியது, அதையே இழுத்து ஒரு கோடாக்கினான். கண் மூடியிருந்தது. இடது கண். நான் மணலைத் தொட்டுத் தேய்த்தேன். பக்கத்தில் வலது கண் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

வலது கண்ணில் உளி வைத்தபோது வாசல் இருண்டது. ரூஃபினா பானையோடு நின்றாள்.

நாங்கள் அசையவில்லை. தியோகாஸின் உளி அவள் மகளின் கண்ணில் இருந்தது. வெள்ளைத் தூள் கன்னத்து எண்ணெயில் ஒட்டியிருந்தது. அவள் ஒரு சத்தம் போட்டால் சாலையே உள்ளே வந்திருக்கும்.

அவள் பானையைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து மூடிய கண்ணைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"கடைசி வரைக்கும் அவ மூடலை" என்றாள். "எட்டு நாள். ஜன்னல் வழியா பாத்தேன். போனப்புறமாவது மூடி விடுங்கன்னு கெஞ்சினேன், யாரும் கிட்ட போகலை. அப்படியே தூக்கிட்டுப் போனாங்க." தியோகாஸைப் பார்த்தாள். "நீதான் செஞ்சவனா?"

"ஆமாம்மா."

"இவ்வளவு நாளா ஏன்ப்பா வரலை?"

அவள் என் கையிலிருந்து விளக்கை வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள், பட்டறையில் பிறந்தவள் மாதிரி.

"இதையும் மூடு" என்றாள்.

மூடினான். முடிந்ததும் அவள் ஈரத்துணியால் தூளைத் துடைத்துவிட்டு அதே வலது கன்னத்தில் முத்தமிட்டாள். "தூங்கு" என்றாள்.

நாங்கள் ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து உதட்டில் விரல் வைத்தாள். தியோகாஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கண் மூடியிருந்தால் இரண்டில் ஒன்று, தூக்கமோ சாவோ. எது என்று பார்க்க அவனால் முடியவில்லை. நான்தான் உள்ளே போனேன். மூக்குக்குக் கீழே கை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது.

இரண்டு நாள் தூங்கினாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள், என்னைப் பார்த்து, "அண்ணன் இங்க இருந்தா வீட்டுல ரொட்டி எங்க இருக்கும்?" என்றாள்.

அதற்குப் பிறகு தியோகாஸ் முகம் செய்யவில்லை. விபியஸ் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். தியோகாஸ் பூமாலைக்கும் சிங்கத்துக்கும் மாறிக்கொண்டான். வேறு முகக்காரன் கிடைக்காததால் பெட்டிகள் முண்டோடே போயின. போகப் போக ஜனங்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். இப்போது சாலையோரம் அத்தனை முகமில்லாத பெட்டிகளைப் பார்க்கிறவர்கள் பட்டறைக்காரர்கள் ஏமாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

மெலித்தே ஒன்பது வருஷம் இருந்தாள். அதே வாய், அதே சிரிப்பு. ஆனால் ஏதாவது ஒரு நாள் மத்தியானம் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு வலது கன்னத்தைத் துடைத்துக்கொள்வாள். "ஈரமா இருக்கு" என்பாள். முகர்ந்து பார்த்தால் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்பாள். தியோகாஸ் எழுந்து வெளியே போய்விடுவான். அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்கவும் இல்லை, அதுதான் எனக்கு உறுத்தல்.

எட்டாவது வருஷம் ஒருநாள் பட்டறை வாசலில் கூடையோடு நின்றவள், கன்னத்தைத் தடவிவிட்டுச் சொன்னாள்: "ரொம்ப நாளா யாரும் வரலைண்ணே." நான் விசாரித்தேன். ரூஃபினா அம்மாள் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம் தியோகாஸ் போனான், மூன்று மாதத்தில் அவளும். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எங்க பெட்டில முகம் வேண்டாம்ணே. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல." இரண்டு முண்டோடு இருவரையும் ஒரே பெட்டியில் வைத்தோம். அவன் முகத்தைப் பதினேழு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான். என்னால் செதுக்க முடியாது, அதனால் ஆசைப்படவும் இல்லை.

பிப்ரவரியில் அவர்களுக்கு ரொட்டி வைத்துவிட்டு பிரிஸ்காவின் கல்லறைக்கும் போவேன். அங்கே இப்போது வர யாருமில்லை. தூசியைத் துடைப்பேன். தாடைக்கு அடியில் விரலை விட்டுக் கோடுகளை எண்ணுவேன், மூன்றாவது மங்கல். இந்த வருஷம் துடைத்துவிட்டுக் கிளம்பும்போது ஏதோ தோன்றி இடது கன்னத்தைத் தொட்டேன், காய்ந்திருந்தது. வலது கன்னத்தைத் தொட்டேன். குளிர்காலத்தில் பளிங்கு வியர்க்கும்தான். நாற்பது வருஷம் கல்லோடு இருந்தவனுக்குத் தெரியாதா? ஆனால் கையில் எண்ணெய் ஒட்டியது. நான் எண்ணெய் கொண்டுபோகவில்லை.